லண்டனில் காசில்லாமல் மியூசியம்: எங்கே, எப்படி, யாருக்கெல்லாம்?

இல்ஃபோர்டுக்குப் புதியவன்:

வணக்கம். திருச்சியிலிருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். நான் அவருடைய விசாவில் டிபெண்டன்ட்டாக வந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. வாடகை, கவுன்சில் டாக்ஸ், பயணச் செலவு போக மாதக் கடைசியில் கையில் நிற்பது சொற்பம்தான். சனி ஞாயிறு வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்பதே பெரிய கேள்வியாக இருக்கிறது.

இங்கே மியூசியங்கள் எல்லாம் இலவசம் என்று மனைவியோடு வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையிலேயே இலவசமா? இந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமா, எங்களைப் போன்றவர்களுக்கும் உண்டா? எங்கள் விசாக் கடிதத்தில் அரசு நிதி எதையும் பெறக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் மியூசியத்துக்கு இலவசமாகப் போனால் நாளைக்கு விசா நீட்டிப்பில் பிரச்சினை வருமோ என்று மனைவி பயப்படுகிறார். கோடையில் அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வருகிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. எங்கிருந்து தொடங்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஈஸ்ட்ஹாம்:

தம்பி, முதலில் உங்கட மனைவியின் பயத்தைத் தீர்ப்போம். விசாக் கடிதத்தில் இருக்கிற அந்த வரி சமூக உதவித்தொகைகளையும் கவுன்சில் வீட்டு உதவியையும் பற்றியது. யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், ஹவுசிங் பெனிஃபிட் மாதிரியானவை. எவையெல்லாம் இதில் அடங்கும் என்று குடிவரவுச் சட்டத்தில் பட்டியலே இருக்கிறது. அரசுப் பள்ளிக்கூடம் அதில் இல்லை, மருத்துவமனை இல்லை, மியூசியமும் இல்லை. பயப்படாமல் போங்கோ.

இரண்டாவது, இலவசம் என்றால் எல்லோருக்கும்தான். வாசலில் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், எங்கே இருக்கிறீர்கள் என்றும் கேட்க மாட்டார்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் அப்பா அம்மா விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே போகலாம்.

இது தானாக வந்த வசதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் மியூசியம் 1759இல் பொதுமக்களுக்குத் திறந்ததில் இருந்தே காசு வாங்காத இடம். 1974இல் அரசு வற்புறுத்தி, சில மாதங்கள் மட்டும் தேசிய மியூசியங்களில் கட்டணம் வைத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. ஆனால் 80களில் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமும் சயன்ஸ் மியூசியமும் டிக்கெட் போடத் தொடங்கின. வி அண்ட் ஏ என்கிற விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் முதலில் விரும்பியதைக் கொடுங்கள் என்று கேட்டது, 1996இல் கட்டாயக் கட்டணமாக்கியது. நாங்கள் பிள்ளைகளோடு இங்கே காலூன்றிய காலம் அது. இந்த மூன்றும் இருக்கிற சவுத் கென்சிங்டன் பக்கம் போவதென்றால் வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு 1999இல் சிறுவர்களுக்கும், 2000இல் அறுபது தாண்டியவர்களுக்கும் கட்டணத்தை எடுத்தார்கள். 2001 டிசம்பர் 1ஆம் தேதி முதல் தேசிய மியூசியங்களில் எல்லோருக்கும் இலவசம். பத்தே ஆண்டில், முன்பு காசு வாங்கிய இடங்களுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேல் ஏறியது.

நான் சொல்ல வருகிற முக்கியமான விஷயம் இதுதான். காசு கொடுத்துப் போகிற இடத்தில் கொடுத்த காசுக்குப் பார்த்து முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும். இங்கே அது இல்லை. ஒரு அறையைப் பாருங்கள், வெளியே வந்து சாப்பிடுங்கள், வீட்டுக்குப் போங்கள். அடுத்த வாரம் வேறு அறை. ஊரிலிருந்து மூன்று நாள் சுற்றுலா வருகிறவர்களைப் போல ஒரே நாளில் பிரிட்டிஷ் மியூசியம் முழுவதையும் நடந்து தீர்க்க நினைத்தால் பிள்ளைகளுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே கால் வலிக்கும். நீங்கள் இங்கே குடியிருக்கிறவர். அந்த வித்தியாசத்தை நன்றாகப் பயன்படுத்துங்கோ.

இரண்டு வாலுகளின் அம்மா:

அண்ணா சொன்ன அந்தக் கடைசி விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன். என் பிள்ளைகளும் கிட்டத்தட்ட உங்கள் பிள்ளைகளின் வயதுதான்.

உங்களுக்கு மிகப் பக்கம் பெத்னல் கிரீனில் இருக்கும் யங் வி அண்ட் ஏ. 2023இல் புதுப்பித்துத் திறந்தார்கள், அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த மியூசியம் என்ற விருதும் வாங்கியது. 5 வயதுப் பையன் ஓடலாம், தொடலாம், கட்டலாம், கத்தலாம். யாரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள். எந்த மியூசியத்துக்கும் போய்ப் பழகாத பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம். டைனோசரைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் விடாது. மெயின் ஹாலில் மேலே தொங்கும் நீலத் திமிங்கல எலும்புக்கூடு 25 மீட்டர் நீளம். அயர்லாந்து கரையில் 1891இல் ஒதுங்கிய திமிங்கலம் அது. 2017இல் தொங்கவிட்டு ஹோப் என்று பெயர் வைத்தார்கள். என் மகள் மாடிப் படியில் உட்கார்ந்து அதை வரைந்துகொண்டே இருப்பாள், கூப்பிட்டாலும் வர மாட்டாள். இதற்கு நேரம் போட்ட இலவச டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களில் பெரிய வாசலில் வரிசை தெருவரைக்கும் நிற்கும். எக்சிபிஷன் ரோடு பக்கமும் ஒரு வாசல் உண்டு, பொதுவாக அங்கே கூட்டம் குறைவு. பள்ளி அரைப்பருவ விடுமுறையில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பக்கத்திலேயே சயன்ஸ் மியூசியம். நிலாவைச் சுற்றிவந்த அப்பல்லோ 10இன் கலம் அங்கே நிற்கிறது, பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது கருகிய அடிப்பாகம் தெரியும். உள்ளே வொண்டர்லேப் என்ற பகுதிக்குத் தனிக் கட்டணம். பிள்ளைகள் வாசலில் நின்று அடம் பிடிப்பார்கள், முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

இனி செலவு. 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ட்யூப், எலிசபெத் லைன், பஸ் எதிலும் கட்டணம் இல்லை, பெரியவரோடு போனால் போதும். இல்ஃபோர்டில் ஏறி வைட்சேப்பலில் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் நேரே சவுத் கென்சிங்டன். பெரியவர்களுக்கு மட்டும்தான் காசு, அதிலும் சனி ஞாயிறு முழுவதும் ஆஃப் பீக், அதாவது கூட்டமில்லாத நேரத்துக் கட்டணம். பஸ்ஸில் போக நேரம் இருந்தால் 1.75 பவுண்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம்.

உண்மையில் பணம் கரைவது கஃபேயிலும் கிஃப்ட் ஷாப்பிலும்தான். நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்விடுவேன். நேச்சுரல் ஹிஸ்டரியிலும் சயன்ஸிலும் சொந்தச் சாப்பாடு சாப்பிட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கீழ்த்தளத்தில் குடும்பங்களுக்கு இடம் உண்டு. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். தக்காளி சாதம் வாசனை அடிக்குமே என்று கூச்சப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்களும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டைத்தான் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

முதுகலை மாணவி:

பிள்ளைகள் இல்லாதவர்களுக்காக நானும் கொஞ்சம் எழுதுகிறேன். பகலில் வகுப்பு, மாலையில் பார்ட் டைம் வேலை. எனக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமை மாலைதான். நல்லவேளையாகப் பெரிய இடங்கள் பலவும் அன்றைக்குத்தான் நேரம் கழித்து மூடுகின்றன. பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரை, நேஷனல் கேலரி 9 வரை, வி அண்ட் ஏ 10 வரை. பகல் கூட்டம் எல்லாம் போயிருக்கும். டிரஃபால்கர் சதுக்கத்தில் வேலை முடிந்து போகிறவர்கள் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே வான் கோவின் சூரியகாந்திப் பூக்களுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர்தான் நிற்பார்கள். வெளியே மழை, கையில் காசில்லை, அறைக்குத் திரும்பினால் ஹீட்டர் போட வேண்டும். அப்படிப்பட்ட மாலைகளில் இந்த இடங்கள்தான் என்னைக் காப்பாற்றின. வெளிநாட்டுக்குப் படிக்க வரும் யாருக்கும் இதைச் சொல்வேன்.

சின்ன மியூசியங்களை மறக்காதீர்கள். என்னுடைய விருப்பம் ஹோல்பர்ன் பக்கத்தில் இருக்கும் சர் ஜான் சோன் மியூசியம். அவர் ஒரு கட்டடக் கலைஞர். தன் வீட்டைச் சேர்த்துவைத்த பொருட்களோடு அப்படியே மக்களுக்காகக் காக்க வேண்டும் என்று 1833இல் நாடாளுமன்றத்தில் சட்டமே போடவைத்தார். இன்றைக்கும் அது இலவசம். கீழ்த்தளத்தில் எகிப்திய மன்னர் முதலாம் செட்டியின் கல் சவப்பெட்டி இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியம் விலை அதிகம் என்று விட்டதை இவர் 2000 பவுண்டு கொடுத்து வாங்கினார். ஓவிய அறையில் சுவரையே கதவு போலத் திறப்பார்கள், உள்ளே இன்னொரு அடுக்கு ஓவியங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துப் போங்கள்.

யூஸ்டன் ரோட்டில் வெல்கம் கலெக்‌ஷன், மருத்துவமும் மனித உடலும் பற்றியது. மற்ற இடங்களில் காசு வாங்கும் சிறப்புக் கண்காட்சிகள்கூட அங்கே இலவசம். கில்ட்ஹால் ஆர்ட் கேலரிக்குக் கீழே ரோமானியர் காலத்து அரங்கத்தின் சுவர்கள் இருக்கின்றன. பேங்க் ஆஃப் இங்கிலாந்து மியூசியத்தில் 13 கிலோ தங்கக் கட்டியைக் கைவிட்டுத் தூக்கிப் பார்க்கலாம், ஆனால் சனி ஞாயிறு மூடியிருக்கும்.

பொதுவாக இலவசம் என்பது நிரந்தரச் சேகரிப்புக்குத்தான். போஸ்டர் ஒட்டி விளம்பரம் செய்யும் சிறப்புக் கண்காட்சிகளுக்குக் காசு. 16 முதல் 25 வயதுக்குள் இருந்தால் டேட் ஓவியக் கேலரிகளின் டேட் கலெக்டிவ் என்ற திட்டத்தில் இலவசமாகச் சேர்ந்துகொண்டு டேட் கண்காட்சிகளை 5 பவுண்டில் பார்க்கலாம். மாணவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

காவிரிக்கரை:

எல்லோரும் நல்ல தகவல் தருகிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து 5 பவுண்டு நன்கொடை போடுங்கள் என்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பதில் பாதி எங்கிருந்து வந்தது? அமராவதிக் கற்கள் நம் மதராஸ் வழியாக வந்தவை. இலங்கையின் தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வச் சிலை இலங்கை கவர்னர் கொண்டுவந்தது. நம்மிடமிருந்து எடுத்துப்போனதை நமக்கே இலவசமாகக் காட்டுகிறார்கள் என்றால் அதற்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது எங்கே போகிறோம் என்பதையும் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும்.

பழைய ஈஸ்ட்ஹாம்:

உங்கட உறுத்தல் நியாயமானது. நன்கொடை போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம், போடாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் பிரிட்டிஷ் மியூசியத்தில் போடுவதில்லை, ஹார்னிமன் மியூசியத்தில் போடுவேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஆனால் போகாமல் இருக்காதீர்கள். தாரா இருப்பது 33ஆம் எண் அறையில். பொன் பூசிய வெண்கலம், எட்டாம் நூற்றாண்டு, உயரம் 143 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட நேரில் நிற்கிற பெண்ணின் அளவு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்ததாக மியூசியமே சொல்கிறது. கண்டி இராச்சியத்தை 1815இல் பிடித்த கவர்னர் பிரவுன்ரிக் 1830இல் மியூசியத்துக்குக் கொடுத்தார். மேலுடம்பில் ஆடை இல்லாத பெண் தெய்வம் என்பதால் முப்பது ஆண்டு காலம் பொதுமக்கள் கண்ணில் படாமல் உள்ளேயே வைத்திருந்தார்கள். நான் பிறந்தது மூதூர்ப் பக்கம். அந்தச் சிலைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் எனக்குப் போதாது. ஊருக்குத் திரும்பிப் போக முடியாமல் இருந்த ஆண்டுகளில் எங்கட கரையிலிருந்து வந்த ஒன்றை டிக்கெட் எடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் போய்ப் பார்க்க முடிந்தது. அது எடுத்து வரப்பட்ட விதம் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டும் என் மனதில் ஒன்றாகவே இருக்கின்றன.

அமராவதி 33ஏ அறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக் கற்கள். குண்டூரில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் 1845இல் தோண்டி எடுத்து மதராசுக்கு அனுப்பினார். அங்கே வெயிலிலும் மழையிலும் கிடந்தவற்றில் ஒரு பகுதியை 1859இல் கப்பலில் ஏற்றினார்கள், 1880இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. மறுபகுதி இன்றும் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. திருச்சித் தம்பி, ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு எழும்பூரையும் காட்டுங்கோ. ஒரே தூபியின் இரண்டு பாதிகளையும் பார்த்த பிள்ளைகளாக இருப்பார்கள்.

இனி ஹார்னிமன். பிரிட்டிஷ் மியூசியம் சேகரிப்பிலிருந்து பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதை 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பார்கள். ஃபாரஸ்ட் ஹில்லில் இருக்கும் ஹார்னிமனுக்கு அந்தத் தடை இல்லை. 1897இல் பெனின் நகரிலிருந்து கொள்ளையடித்த 72 பொருட்களின் உரிமையை 2022இல் நைஜீரியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே நன்கொடைப் பெட்டியில் போடும்போது எனக்கு மனம் நிறைவாக இருக்கிறது. தோட்டமும் இலவசம், மேட்டில் நின்றால் லண்டன் முழுக்கத் தெரியும், பிள்ளைகள் ஓடியாட நல்ல இடம்.

சோழநாட்டுச் சிற்பி:

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ஆஷ்மோலியன் மியூசியமும் இலவசம்தான், லண்டனிலிருந்து பஸ்ஸில் போய் ஒரே நாளில் திரும்பலாம். அங்கே ஒரு திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை இருந்தது, 1967இல் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணம் பக்கம் சுந்தரபெருமாள்கோவில் ஆலயத்தில் அதே சிலையை வைத்து 1957இல் எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருப்பதை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்து மியூசியத்துக்குத் தெரிவித்தார். 2024இல் பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பித் தரச் சம்மதித்தது.

ஒருவர் உற்றுப் பார்த்ததால் நடந்தது இது. நம் ஆட்கள் இந்த அறைகளுக்குள் அடிக்கடி போக வேண்டும், பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டும், எப்போது வாங்கியது, யாரிடம் வாங்கியது என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மியூசியம், வி அண்ட் ஏ இரண்டும் தங்கள் பொருட்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்துவிட்டுப் போனால் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும். காவிரிக்கரை நண்பரே, உங்கள் கோபத்துக்கு இந்த வேலை பொருத்தமானது.

லா ஷப்பல்:

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். லண்டன்காரர்களுக்கு இருக்கும் வசதியின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். இங்கே தேசிய மியூசியங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம், நீண்டகால விசாவில் இருக்கும் மாணவர்களுக்கும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் அட்டையை நீட்ட வேண்டும். 26 முடிந்தால் அதுவும் போயிற்று. ஓர்சே, கிமே போன்றவற்றில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஓர்சேக்கு முன்பதிவு வேண்டும். பாரிஸ் மாநகராட்சி நடத்தும் பெத்தி பலே, கார்னவாலே போன்ற இடங்களில் நிரந்தரச் சேகரிப்பு எல்லோருக்கும், எல்லா நாளும் இலவசம். கிமேயில் சோழர் நடராஜர் இருக்கிறார், ஒரு முதல் ஞாயிறு போய்ப் பாருங்கள்.

2026 ஜனவரியில் இருந்து லூவ்ரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் 32 யூரோவாக ஏற்றிவிட்டார்கள். ஊரிலிருந்து வரும் எங்கள் அப்பா அம்மாவும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

முதுகலை மாணவி:

லண்டனிலும் அந்தப் பேச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது. 2024இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் இடைக்கால இயக்குநராக இருந்த மார்க் ஜோன்ஸ், வெளிநாட்டுப் பயணிகளிடம் 20 பவுண்டு வாங்கலாம் என்று சொன்னார். கட்டடங்கள் ஒழுகுகின்றன, பணம் வேண்டும் என்பது உண்மைதான். வசதியான சுற்றுலாப் பயணி கொடுத்தால் என்ன என்று என் வகுப்பில் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

பழைய ஈஸ்ட்ஹாம்:

பிள்ளை, அங்கேதான் யோசிக்க வேண்டும். வெளிநாட்டவரிடம் மட்டும் காசு வாங்க வேண்டுமென்றால் யார் வெளிநாட்டவர் என்று வாசலில் கண்டுபிடிக்க வேண்டும். இந்த நாட்டில் தேசிய அடையாள அட்டை கிடையாது. ஆகவே வாசலில் நிற்கிறவர் ஆளைப் பார்த்து முடிவெடுப்பார். யாரிடம் முதலில் பேப்பர் கேட்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து, இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற என் பேரப்பிள்ளை வாசலில் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2018இல் இதைச் செய்தது. அந்த மாநிலத்தவர்களும் பக்கத்து இரண்டு மாநிலங்களின் மாணவர்களும் விரும்பியதைக் கொடுக்கலாம், மற்றவர்களுக்கு முழுக் கட்டணம், உரிமை கோருகிறவர்கள் முகவரிச் சான்று காட்ட வேண்டும். அமெரிக்காவில் எல்லோர் பையிலும் டிரைவிங் லைசென்ஸ் இருக்கும், சமாளித்துவிடுவார்கள். வந்து இரண்டு மாதமான, வங்கிக் கணக்குகூடத் திறக்காத ஒரு குடும்பம் என்ன செய்யும்? கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிற இடங்கள் இந்த நகரத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. வீடு வாடகைக்கு எடுக்க, வேலையில் சேர, எல்லாவற்றுக்கும் விசா பார்க்கிறார்கள். மியூசியத்தின் வாசலாவது அப்படியே இருக்கட்டும். பணம் வேண்டுமென்றால் ஹோட்டல் அறைகளில் வரி போட்டு அதைக் கொடுக்கட்டும், அதை நான் முழுமனதோடு ஆதரிப்பேன்.

காவிரிக்கரை:

அண்ணா, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. 20 பவுண்டு யோசனையை நல்லது என்றுதான் நினைத்திருந்தேன். அடையாள அட்டை விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். நன்கொடை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

இல்ஃபோர்டுக்குப் புதியவன்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. விசாப் பயம் தீர்ந்தது, மனைவிக்கும் படித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, முட்டி வலி உள்ள அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது? இரண்டாவது, ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் ஏதோ குடோன் மாதிரியான மியூசியம் திறந்திருப்பதாக ஒருவர் சொன்னார், அது என்ன? டவர் ஆஃப் லண்டன் போக வேண்டும் என்று அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை, அதில் ஏதாவது சலுகை கிடைக்குமா?

இரண்டு வாலுகளின் அம்மா:

அம்மாவுக்கு: பெரிய மியூசியங்களில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள், முன்பே கேட்டு வைத்தால் நல்லது. நேஷனல் கேலரியிலும் வி அண்ட் ஏயிலும் தோளில் மாட்டிக்கொள்ளும் மடக்கு ஸ்டூல்கூட உண்டு, என் மாமியாருக்கு அது ரொம்பப் பிடித்தது. உண்மையில் சிரமம் மியூசியத்துக்குள் இல்லை, ட்யூப் படிகளில்தான். எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் கிடையாது. எலிசபெத் லைன் ஸ்டேஷன்கள் எல்லாவற்றிலும் தெருவிலிருந்து பிளாட்ஃபார்ம் வரை படியில்லாமல் போகலாம். ஆகவே இல்ஃபோர்டில் ஏறி டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கினால் பிரிட்டிஷ் மியூசியம் கொஞ்ச தூரம்தான். பெரிய பெட்டியோ சக்கரம் வைத்த சூட்கேஸோ கொண்டுபோகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள்.

அந்தக் குடோன் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ். 2025 மே 31இல் ஒலிம்பிக் பார்க்கில் திறந்தது, இலவசம். மற்ற மியூசியங்களில் மக்கள் கண்ணில் படாமல் கிடங்கில் வைப்பதை இங்கே கிடங்கையே திறந்து காட்டுகிறார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், இரும்பு அடுக்குகளில் அப்படியே. ஆக்ராவிலிருந்து வந்த முகலாயர் காலத்துப் பளிங்குத் தூண் வரிசையும் உள்ளே நிற்கிறது. இங்கே ஒரு அருமையான வசதி உண்டு. பட்டியலில் தேடி ஐந்து பொருட்கள் வரை தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் முன்னால் பதிவு செய்தால், எடுத்து மேஜையில் வைத்துக் காட்டுவார்கள். நெசவு தெரிந்த என் மாமியார் பழைய கோரமண்டலத் துணி ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று இப்போதே பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

டவருக்கு யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிறவர்களுக்கு 1 பவுண்டு டிக்கெட் உண்டு, உங்கள் விசாவில் அது வாங்க முடியாது என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. பெரியவர் ஒருவருக்கு 30 பவுண்டுக்கு மேல் ஆகும். அப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு, நீங்கள் பிள்ளைகளோடு கேனரி வார்ஃப் பக்கம் டாக்லேண்ட்ஸ் மியூசியத்துக்குப் போங்கள், பக்கம்தான், அது இலவசம். 1802இல் கட்டிய சர்க்கரைக் கிடங்கு. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் கதையை ஒளிக்காமல் சொல்லும் ஒரு பகுதி அங்கே உண்டு. 9 வயது மகளுக்குப் புரியும் வயது.

சோழநாட்டுச் சிற்பி:

அப்பாவுக்கு இன்னொன்று. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயையும் செயின்ட் பால்ஸையும் சுற்றிப் பார்க்கக் கட்டணம் அதிகம். ஆனால் மாலை வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போய் உட்காரலாம். எல்லா இடத்தையும் சுற்றிவர முடியாது, படம் எடுக்கக் கூடாது, ஆனால் பாடகர் குழு பாடுவதைக் கேட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் இருக்கலாம். கோயிலுக்குப் போவது போல அமைதியாகப் போய் வரட்டும்.

விம்பிள்டன் வாசகன்:

இழையை முழுவதும் படித்தேன். இதுவரை யாரும் பிரிட்டிஷ் லைப்ரரி பற்றிச் சொல்லவில்லையே. கிங்ஸ் கிராஸ் பக்கம், மேக்னா கார்ட்டா முதல் பீட்டில்ஸ் கைப்பட எழுதிய பாட்டு வரை ஒரே அறையில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே பழைய தமிழ்ப் புத்தகங்கள் நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தானா?

முதுகலை மாணவி:

இல்லை, யாரும் ரீடர் பாஸ் எடுக்கலாம், அதுவும் இலவசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள், ஓலைச்சுவடிகள் எல்லாம் இருக்கின்றன. ஆசிய, ஆப்பிரிக்கப் பிரிவுக்கென்று மூன்றாம் மாடியில் தனி வாசிப்பு அறை. பாஸ் எடுக்கப் போகும்போது முகவரிச் சான்று ஒன்றும், உங்கள் கையெழுத்து உள்ள அடையாளச் சான்று ஒன்றும் கொண்டுபோங்கள். வாசிப்பு அறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும். சில புத்தகங்கள் யார்க்‌ஷயரில் இருக்கும் கிடங்கிலிருந்து வர வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் வேண்டியதை முன்பே கேட்டு வைத்துவிட்டுப் போங்கள்.